படுக்கையில் இருப்பவருக்குப் பெடல் மெஷின்: வீட்டார் அறிய வேண்டியவை

(நம் அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு மெஷினைப் பற்றி. நோயாளிகளுக்கு இரவல் கொடுப்பதற்காக, மோட்டார் வைத்த உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை அறக்கட்டளை வாங்கியிருக்கிறது என்று ஜும்ஆவுக்குப் பிறகு அறிவித்தோம். மறுநாளே இரண்டு இளைஞர்கள் ஆபீசுக்கு வந்து, “மோட்டார் சைக்கிள் கொடுக்கிறீங்களாமே, லைசென்ஸ் காப்பி வேணுமா?” என்று கேட்டார்கள். அன்றிலிருந்து அதற்குப் ‘பெடல் மெஷின்’ என்று பெயர் வைத்துவிட்டோம். இந்த உரையிலும் அப்படியே சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. கணக்கு எழுதுவதும், மனு எழுதுவதும், இரவல் போன பொருள் திரும்பி வந்ததா என்று பார்ப்பதும்தான் என் வேலை. ஆனால் ஒரு பொருளைக் கொடுக்கும் கைக்கு, அது என்ன செய்யும், எங்கே கெடுதல் செய்யும் என்று தெரிந்திருக்க வேண்டும். பிசியோதெரபிஸ்டுகளிடமும் டாக்டர்களிடமும் கேட்டு, நோயாளி இருக்கும் வீடுகளுக்கும் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

நம் பக்கத்தில் இது யாருக்குத் தேவைப்படுகிறது? தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டவர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் மோதி இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர், ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்த வாப்பா, உம்மா. இவர்களைக் கோடியக்கரையிலிருந்து வேதாரண்யத்துக்குக் கொண்டுபோவதற்கே ஆட்டோவும் இரண்டு ஆளும் வேண்டும். நாகப்பட்டினம், தஞ்சாவூர் என்றால் ஒரு முழு நாள் போய்விடும். வாரத்துக்கு மூன்று தடவை பிசியோதெரபிக்கு வரச் சொன்னால் எந்தக் குடும்பத்தால் முடியும்? அதனால்தான் பயிற்சி வீட்டுக்கே வர வேண்டியிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டிலேயே பிசியோதெரபியும், படுத்த படுக்கையாக இருப்பவருக்கான பராமரிப்பும் சேர்ந்திருக்கின்றன. இது பலருக்குத் தெரியவில்லை. மாத்திரை கொடுக்க வரும் அந்தச் சகோதரியிடமே, “எங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருக்கிறார், பிசியோதெரபிஸ்ட் வர வேண்டும்” என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். மெஷினுக்கு முன்னால் வர வேண்டியவர் அந்தப் பிசியோதெரபிஸ்ட்தான்.

மெஷின் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். நாற்காலியிலோ வீல்சேரிலோ உட்கார்ந்தபடி பாதத்தைப் பெடலில் கட்டிக்கொள்ள வேண்டும். நல்ல மெஷின் மூன்று விதமாக ஓடும். காலில் சக்தியே இல்லாதவருக்கு மோட்டாரே காலைச் சுழற்றும். கொஞ்சம் சக்தி இருப்பவர் மிதித்தால் மோட்டார் கைகொடுக்கும். சக்தி வந்தவருக்கு மோட்டார் ஒதுங்கிக்கொண்டு, எதிர்த்து மிதிக்கும்படி கொஞ்சம் பாரம் கொடுக்கும். இது புதுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். சுவீடனில் குஸ்தாவ் சாண்டர் என்ற டாக்டர் 1860களிலேயே கைகாலை அசைக்கும் மெஷின்களைச் செய்து, அவற்றில் சிலவற்றை நீராவி இன்ஜினால் ஓட்டியிருக்கிறார். இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் இருப்பது பெரும்பாலும் ஜெர்மனியின் ரெக் கம்பெனி செய்யும் மோட்டோமெட் மாதிரியான மெஷின்கள். அவற்றின் விலை லட்சத்தில். ஆன்லைனில் சில ஆயிரத்துக்கு விற்பது வேறு ரகம். அந்த வித்தியாசத்துக்குப் பிறகு வருகிறேன், அது முக்கியமானது.

முதலில் மனதுக்குக் கஷ்டமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சபரில் இருக்கும் பிள்ளைகள் போனில் வீடியோ பார்த்துவிட்டு, “இதை வாங்கினால் வாப்பா நடந்துவிடுவார்” என்று பணம் அனுப்புகிறார்கள். பணம் அனுப்ப ஆளில்லாத வீட்டில் உம்மாவின் நகை அடகுக்குப் போகிறது. மோட்டார் காலைச் சுழற்றுவதால் அறுந்த நரம்பு ஒட்டாது. மோட்டார் முழு வேலையையும் செய்யும்போது நோயாளியின் தசை உழைப்பதில்லை. உழைக்காத தசைக்குப் பலமும் ஏறாது. அப்படியானால் எதற்கு இந்த மெஷின் என்று கேட்பீர்கள். மூட்டு மடங்கி இறுகிப் போகாமல் இருக்க உதவும். காலில் இருக்கும் இறுக்கம் கொஞ்ச நேரத்துக்குத் தளரும். ஒரே இடத்தில் கிடக்கும் காலுக்கு அசைவு கிடைக்கும். ஸ்ட்ரோக் வந்தவருக்குக் காலில் மிச்சமிருக்கும் சக்தியைக் கொண்டு அவரே மிதிக்க ஆரம்பித்தால், அது அவருக்கு உழைப்பு, அதில் பலன் உண்டு. நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கும் மனிதருக்கு ‘இன்று ஒரு வேலை செய்தேன்’ என்ற திருப்தி கிடைப்பதும் சின்ன விஷயம் இல்லை.

படித்தவர்கள் கேட்கக்கூடும் என்பதால் இரண்டு ஆய்வுகளையும் சொல்கிறேன். 2009-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில், தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுநாள் இருந்த 90 நோயாளிகளை வைத்துப் பார்த்தார்கள். படுக்கையிலேயே தினம் 20 நிமிடம் சைக்கிள் பயிற்சி பெற்றவர்கள் ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது மற்றவர்களைவிடக் கூடுதல் தூரம் நடந்தார்கள். பிறகு கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா மூன்று நாடுகளிலும் 360 நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2024-இல் வெளிவந்தது. வழக்கமான பிசியோதெரபியோடு சைக்கிளையும் சேர்த்ததால் பெரிய வித்தியாசம் எதுவும் அதில் தெரியவில்லை. ஆனால் பயிற்சி பெற்ற ஆட்கள் பக்கத்தில் இருந்து செய்தபோது ஆபத்து மிகக் குறைவு என்று தெரிந்தது. மெஷினை எந்த இடத்தில் வைத்து மதிக்க வேண்டும் என்பது எனக்கு இதிலிருந்து விளங்கியது. பிசியோதெரபிஸ்டின் கைக்கு அது ஒரு துணை. அவருக்குப் பதிலாக வந்தது இல்லை.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம்மில் யாரும் இல்லை. அங்கே மறுவாழ்வு மருத்துவத்தை நிலைநிறுத்தியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் நடந்த கார் விபத்தில் அவருடைய முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966-இல் வேலூரில் அதற்கென்றே தனி நிலையம் திறக்கப்பட்டது. தென்காசிப் பக்கம் ஆய்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணனும் 1975-இல் கழுத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்தவர்தான். இந்த இருவருக்கும் கால் பழையபடி திரும்பவில்லை. ஆனால் அவர்களால் எத்தனை ஆயிரம் பேருக்கு வாழ்க்கை திரும்பியது! ‘கால் ஓடுகிறதா’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகளில் இவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். தானே உட்காரவும், தானே சாப்பிடவும், வீல்சேரில் பள்ளிவாசல் வரை வரவும் முடிந்தால் அதுவும் மறுவாழ்வுதான்.

இனி பாதுகாப்பு. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ எழுதிக் கொடுத்த சீட்டு இல்லாமல் மெஷினைத் தொடக்கூடாது. ஸ்ட்ரோக் வந்த முதல் நாளிலேயே அசைத்தால் சீக்கிரம் குணமாகும் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. 2015-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி நடக்க வைக்கப்பட்டவர்கள் மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள் என்று சொன்னது. அவசரம் உதவாது. எலும்பு முறிவு கூடாதவர், இடுப்பு மூட்டு மாற்றியவர், நெஞ்சு வலி உள்ளவர், காய்ச்சல் அடிப்பவர், திறந்த புண் உள்ளவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. இடுப்பு மூட்டு மாற்றியவர் தொடையை எவ்வளவு மடக்கலாம் என்பது எந்த முறையில் ஆபரேஷன் செய்தார்கள் என்பதைப் பொறுத்தது. பெடல் தொடையை மேலே தூக்கிவிடும் என்பதால் அதை ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கேட்க வேண்டும். வருடக்கணக்கில் நிற்காமல் இருந்தவரின் கால் எலும்பு உள்ளே பொரிபோல் லேசாகிவிடும். இறுகிய மூட்டை மோட்டார் பலவந்தமாக மடக்கினால் எலும்பு முறிந்துபோகலாம். உணர்வில்லாதவர் வலி என்று சொல்ல மாட்டார். கால் திடீரென்று வீங்கியதைப் பார்த்துத்தான் தெரியவரும்.

ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்காலில் சூடு, தொட்டால் வலி என்று இருந்தால் மெஷினைத் தொடாதீர்கள், எண்ணெய் தேய்த்து உருவியும் விடாதீர்கள். உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு அடைத்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்.

நம் பகுதியில் ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். தென்னையிலிருந்து விழுந்தவர், இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மகன் சபரிலிருந்து அனுப்பிய பணத்தில் ஒரு சின்ன மெஷின் வாங்கினார்கள். கடைக்காரர் பெட்டியைக் கொடுத்ததோடு சரி, யாரும் சொல்லித் தரவில்லை. வெறும் பாதத்தைப் பெடலில் வைத்துப் பட்டையை இறுக்கிவிட்டு, முக்கால் மணி நேரம் ஓட விட்டார்கள். அவருக்கும் சந்தோஷம், கால் சுற்றுகிறதே! மறுநாள் போர்வையை விலக்கும்போது அவருடைய மனைவி பார்த்தார், குதிகாலில் எட்டணா அளவுக்குக் கொப்புளம். உராய்ந்தது அவருக்குத் தெரியவே இல்லை. சுகர் வேறு இருந்தது. அந்தப் புண் ஆற நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் பயிற்சியே இல்லை, முழங்கால் இறுகிப் போனது. எந்த மூட்டு இறுகக்கூடாது என்று மெஷின் வாங்கினார்களோ, அந்த மூட்டே இறுகியது.

அதனால் சாக்ஸும், அளவுக்குச் சரியான, உள்ளே தையல் குத்தாத ஷூவும் கட்டாயம். வெறுங்காலும் ரப்பர் செருப்பும் கூடாது. பயிற்சி முடிந்தவுடன் சாக்ஸைக் கழற்றிக் குதிகால், கணுக்காலின் இரண்டு பக்கம், விரல் நுனி, பட்டை அழுத்திய இடம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். உட்கார்ந்திருந்த பிட்டத்தையும் பார்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் மறையாத சிவப்பு என்றால் மறுநாள் மெஷின் இல்லை. நம்முடைய மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் சிவப்பு சரியாகத் தெரியாது என்பதால் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியிருக்கும் இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அதுதான் அடையாளம்.

உட்காரும் முறை அடுத்தது. வீல்சேரை மெஷினுக்கு நேராக நிறுத்தி இரண்டு பிரேக்கையும் போடுங்கள். மோட்டார் தள்ளும்போது வீல்சேர் பின்னால் நகரும், லேசான வீல்சேர் சாயவும் செய்யும். மெஷினோடு மாட்டும் கொக்கி இருந்தால் மாட்டுங்கள், இல்லையென்றால் வீல்சேரின் முதுகு சுவரில் முட்டும்படி வையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம். டைல்ஸ் தரையில் மெஷினும் வழுக்கும், அடியில் ரப்பர் விரிப்பு போட வேண்டும். பெடல் மிகத் தூரத்தில் போகும் நேரத்திலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். முழுக்க நீண்டு விறைத்தால் வீல்சேர் தூரமாக இருக்கிறது என்று அர்த்தம். முன்னாலிருந்து பார்த்தால் முழங்கால் நேர்கோட்டில் மேலும் கீழும் போக வேண்டும். ஸ்ட்ரோக் வந்த பக்கத்துக் கால் வெளியே விழும். அதைத் தாங்குவதற்கென்று கெண்டைக்கால் தாங்கி இருக்கிறது, அதைப் போடாமல் ஓட்டக்கூடாது. கைக்கும் பெடல் உள்ள மெஷினாக இருந்தால் ஸ்ட்ரோக் வந்த தோளில் ஜாக்கிரதை. தொங்கிப்போன தோளை மோட்டார் இழுத்தால் மூட்டு நழுவி வலி நிரந்தரமாகிவிடும். பிசியோதெரபிஸ்ட் சொல்லாமல் கைப்பெடல் வேண்டாம்.

நம் வீடுகளுக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது, அது உடுப்பு. கைலியோடு உட்கார்ந்து ஓட்டினால் அதன் ஓரம் பெடல் தண்டில் சுற்றிக்கொள்ளும். மோட்டார் சுற்றச் சுற்றத் துணி இழுபடும், அதோடு ஆளும் முன்னால் இழுபடுவார். புடவை, பாவாடை, துப்பட்டா, புர்காவின் கீழ் ஓரம் எல்லாவற்றுக்கும் இதே ஆபத்துதான். ஆண்களுக்குக் கணுக்காலில் இறுகப் பிடிக்கும் டிராக் பேண்ட், பெண்களுக்குக் கணுக்காலில் எலாஸ்டிக் தைத்த சல்வார். பக்கத்தில் நிற்கும் பெண்களும் துப்பட்டாவைப் பின்னால் முடிந்துகொள்ள வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், ஓடும் பெடலைப் பிடித்துப் பார்க்காமல் விடாது. மெஷின் ஓடும் நேரம் பிள்ளையை வேறு அறையில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

சிறுநீர்க் குழாய் போட்டவருக்கு அந்தக் குழாய் தொடைக்கு மேலாகப் போக வேண்டும். பை எப்போதும் வயிற்றுக்குக் கீழேதான் தொங்க வேண்டும், குழாய் பெடல் பக்கம் போகவே கூடாது. உட்கார வைக்கும் முன் பையைக் காலி செய்துவிடுங்கள். இதில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. முதுகுத்தண்டு மார்பின் நடுப்பகுதிக்கு மேலே, அல்லது கழுத்தில் அடிபட்டவருக்குக் கீழே எங்காவது உறுத்தல் வந்தால் அவருக்குத் தெரியாது, ஆனால் உடம்பு பதறிப் பிரஷரைத் தாறுமாறாக ஏற்றிவிடும். குழாய் மடங்கிச் சிறுநீர் தேங்கினாலே போதும், பட்டை இறுக்கினாலும் போதும். திடீரென்று தலை வெடிக்கும் வலி, முகம் சிவந்து வேர்த்தல், உடம்பு புல்லரித்தல் ஆகியவை அடையாளம். உடனே மெஷினை நிறுத்துங்கள். ஆளைப் படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் இருக்க வேண்டும். பெல்ட், பட்டை, இறுக்கமான துணி எல்லாவற்றையும் தளர்த்துங்கள். குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். சில நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் 108. இப்படிப்பட்டவரின் வழக்கமான பிரஷரே 90, 100 என்றுதான் இருக்கும். அவருக்கு 140 வந்தால் அது நமக்கு வரும் 140 இல்லை. இதைப் போகிற இடத்தில் டாக்டரிடமும் ஞாபகப்படுத்துங்கள்.

ஓட்டும் முன்பு பிரஷர், நாடித்துடிப்பு, சுகர் உள்ளவருக்குச் சுகர், மூன்றையும் பார்த்து நோட்டில் எழுதுங்கள். எந்த அளவுக்கு மேலே போனால் ஓட்டக்கூடாது என்பதை டாக்டர் சீட்டிலேயே எண்ணாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். ஆளுக்கு ஆள் அது மாறும். பொதுவாக, மேல் பிரஷர் 180-ஐத் தாண்டியிருந்தாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-ஐத் தாண்டியிருந்தாலும் அன்று பயிற்சி வேண்டாம் என்பார்கள். இன்சுலின் போடுபவருக்குச் சுகர் 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ரமலானில் என்ன செய்வது என்று ஒரு ராத்தா கேட்டு அனுப்பியிருந்தார். நோன்பு வைக்கலாமா என்பதையே சுகர் நோயாளி ஷஅபான் மாதத்திலேயே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். வைக்கிறவராக இருந்தால் அஸருக்குப் பிறகான நேரம் மெஷினுக்கு மிக மோசமான நேரம், சுகரும் தண்ணீரும் அப்போதுதான் அடிமட்டத்தில் இருக்கும். நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, ஒன்றரை மணி நேரம் கழித்து ஓட்டலாம். சஹர் முடிந்தவுடன் நிறைவயிற்றில் ஓட்ட வேண்டாம்.

எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம் என்பதைப் பிசியோதெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் 5 நிமிடம், நிமிடத்துக்கு 10 முதல் 20 சுற்று என்ற மெதுவான வேகம்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு நானா அரை மணி ஓட்டுகிறார் என்று போட்டி வேண்டாம்.

கரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர்க் காற்றில் உப்பு. கிரில் கம்பியே மூன்று வருடத்தில் தின்றுபோகிறது, மெஷினுக்குள் இருக்கும் கம்பி தப்புமா? வாரம் ஒருமுறை காய்ந்த துணியால் துடையுங்கள், மழைக்காலத்தில் ஜன்னலோரம் வைக்காதீர்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றி மாட்டுவதை நிறைய வீட்டில் பார்த்திருக்கிறேன். எர்த் இல்லாத பாயிண்டில், உணர்வில்லாத காலை இரும்போடு கட்டி வைப்பது என்ன பயங்கரம் என்று யோசியுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்த்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்ட பிறகுதான் மெஷின் அந்த வீட்டுக்குள் வரும். ஓடும்போது கரண்ட் போனால் முதலில் சுவிட்சை அணையுங்கள், பிறகு காலை அவிழுங்கள். திடீரென்று கரண்ட் வந்து மோட்டார் கிளம்பிவிடக்கூடாது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்த பிறகு இங்கே கரண்ட் வர எத்தனை நாள் ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாளில் மெஷின் ஒரு இரும்புத் துண்டுதான். ஆகையால் பிசியோதெரபிஸ்டிடம் கையாலேயே காலை மடக்கி நீட்டும் முறையை வீட்டில் இரண்டு பேராவது கற்றுக்கொள்ள வேண்டும். நோயாளி பெண்ணாக இருந்து, வருகிறவர் ஆணாக இருந்தால் கூச்சத்தால் பயிற்சியையே விட்டுவிடும் வீடுகள் இருக்கின்றன. பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்று கேளுங்கள், கிடைக்காவிட்டால் மகளோ மருமகளோ பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டு செய்யட்டும். ஓடும் நேரம் முழுக்க ஒரு பெரியவர் எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நிறுத்தும் பட்டன் எது என்று அவருக்கு இருட்டிலும் தெரிய வேண்டும். அந்தப் பெரியவர் கையில் போன் இருக்கக்கூடாது. சிரிக்கிறீர்கள், ஆனால் வீட்டுக்கு வீடு பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சில ஆயிரத்துக்கு விற்கும் மெஷினுக்கு வருகிறேன். விலை உயர்ந்த மெஷினில், கால் இசிவு வந்து வெட்டி இழுத்தால் மோட்டார் அதை உணர்ந்து நின்று, மெதுவாக எதிர்ப்பக்கம் சுற்றிக் காலைத் தளர்த்திவிடும். மலிவான மெஷின்களில் பெரும்பாலும் அது இருக்காது, கால் இறுகினாலும் மோட்டார் தன் பாட்டுக்கு இழுக்கும். சுகவாசிகள் டிவி பார்த்துக்கொண்டே கால் அசைப்பதற்குச் செய்த பொருள் அது. வாங்கப் போகிறவர் கடையிலேயே திடகாத்திரமான ஒருவரை உட்கார வைத்து, மிக மெதுவான வேகத்தில் ஓடவிட்டு, காலால் எதிர்த்துப் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். மோட்டார் நின்று திரும்புகிறதா? நிற்கவில்லை என்றால் இசிவு உள்ள நோயாளிக்கு அது ஆகாது. வாங்குவதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், இரவல் மெஷினில் ஒரு மாதம் பழகிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். நகையை அடகு வைக்காதீர்கள்.

நம் மெஷினை வாங்க டாக்டர் சீட்டு, கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறவர் இருவரின் பெயர், எலக்ட்ரீஷியன் பார்த்ததற்கான கையெழுத்து, இவை மூன்றும் வேண்டும். கட்டணம் கிடையாது, முன்பணமும் கிடையாது. முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து உட்கார வைத்துக் காட்டுவார். அவர் வராமல் பெட்டியைத் திறக்கக்கூடாது. கூடவே ஒரு நோட்டுப் புத்தகம் வரும், அதில் தினமும் நேரம், பிரஷர், பாதம் பார்த்தாயிற்றா என்று எழுத வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் நான் வந்து நோட்டைப் பார்ப்பேன், மூன்று நாள் தொடர்ந்து பாதம் பார்த்த பத்தி காலியாக இருந்தால் மெஷின் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இப்போது நாலு குடும்பம் வரிசையில் இருக்கிறது. யாருக்கு முதலில் என்பதைப் பிசியோதெரபிஸ்ட் நோயாளிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். இதில் என்னிடமோ தலைவரிடமோ சிபாரிசுக்கு வர வேண்டாம்.

இஷாவுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. மெஷின் அந்த மூலையில் இருக்கிறது, பிசியோதெரபிஸ்ட் சகோதரியும் வந்திருக்கிறார். பெண்கள் முதலில் போய்ப் பாருங்கள், பட்டையைக் கட்டி அவிழ்த்துப் பழகுங்கள். கேள்விகளை அவரிடமே கேட்கலாம்.